வடுவூரிலிருந்து கோடியக்கரை வரை: சரணாலயங்களை இணைக்க 36ஏ, 36சி பிரிவுகள்

வனவிலங்கு வழித்தடம் என்றதும் யானையும் மலையும்தான் நினைவுக்கு வரும். காவிரிக் கடைமடையில் ஆற்றங்கரையும் வாய்க்கால் ஓரமுமே வழித்தடம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்களில் அடையும் நாரைகள் சுற்றுவட்டார வயல்களில் இரை தேடுகின்றன. நீர்நாய்க்கு வளை தோண்ட மண்கரை வேண்டும், நரிக்குப் பகலில் பதுங்கப் புதர் வேண்டும். பாமணியாறும் கோரையாறும் மன்னார்குடிப் பக்கமிருந்து ஓடி முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் சேர்கின்றன. அங்கிருந்து கிழக்கே கோடியக்கரை சரணாலயம். கோடியக்கரை 2002-லும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும் ராம்சார் தகுதி (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்றன. இவற்றுக்கு இடைப்பட்ட நிலத்துக்குத்தான் காவல் இல்லை.

2017 ஈரநில விதிகள் இதற்குக் கைகொடுக்காது. ஆற்றின் ஓட்டப்பகுதி, நெல்வயல், பாசனத்துக்கென வெட்டிய நீர்நிலை ஆகியவற்றை அந்த விதிகளே வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. டெல்டாவில் மிச்சம் என்ன இருக்கிறது? ஆகவே நாட வேண்டியது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36ஏ, 36சி பிரிவுகளை.

36ஏ அரசு நிலத்துக்கானது. சரணாலயத்தை ஒட்டிய பகுதியையும், ஒரு சரணாலயத்தை இன்னொன்றோடு இணைக்கும் பகுதியையும் இந்தப் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகு மாநில அரசு அதைப் பாதுகாப்பகமாக அறிவிக்கலாம். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு பாதுகாப்பகம் 2022-ல் இப்படித்தான் வந்தது. உப்பளம், ரயில்வே நிலம் என ஒன்றிய அரசுக்குச் சொந்தமான துண்டு நடுவே இருந்தால் முன் இசைவு வாங்க வேண்டும்.

36சி பட்டா நிலத்துக்கும் சமூக நிலத்துக்கும் உரியது. உரிமையாளரோ ஊரோ தாமாக முன்வந்தால்தான் சமூகப் பாதுகாப்பகம் அமையும். பட்டா அவரவர் பெயரிலேயே இருக்கும். ஆனால் அறிவிப்பு வந்தபின் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் தேவை. மனை போடவோ இறால் குட்டை வெட்டவோ பிறகு நினைத்தால் எளிதில் நடக்காது. இழப்பீடு தருவதாகவும் இந்தப் பிரிவு சொல்லவில்லை. கையெழுத்து வாங்கும் முன்பே இதை உரிமையாளரிடம் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

எந்தத் துண்டு எந்தப் பிரிவில் வரும் என்பதை அ-பதிவேடும் (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புல வரைபடமும் காட்டும். வாய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்றிருந்தால் 36ஏ. கோயில் நிலம் டெல்டாவில் ஏராளம். அதை அரசு நிலம் என்று எழுதிவிடுவது பெரிய தவறு. சொத்து சுவாமி பெயரில் இருக்கிறது, அறநிலையத் துறை நிர்வாகம் மட்டுமே செய்கிறது. அந்தச் சர்வே எண்களைத் தனிப் பட்டியலாக வைத்து, துறையிடம் தனியாகப் பேச வேண்டும்.

வயலை எல்லைக்குள் சேர்ப்பதா என்பதில் நிதானம் வேண்டும். இரு வகைப் பாதுகாப்பகத்துக்கும் 30, 32 பிரிவுகள் பொருந்தும். பாதுகாப்பகத்துக்கு ஆபத்து வரும்படி தீ வைக்கக் கூடாது; வனவிலங்குக்குத் தீங்கு செய்யும் ரசாயனமும் பயன்படுத்தக் கூடாது. நெல்லுக்கு மருந்தடிப்பதும் அறுத்த வயலில் தாளைக் கொளுத்துவதும் இதில் சிக்கலாம். படுகை, மூங்கில் குத்து, நாட்டுக் கருவேலத் தோப்பு, ஊர்க்குளம், வாய்க்கால் கரை ஆகியவற்றை உள்ளே வைத்து, வயலை வெளியே விடுவதே எங்கள் பரிந்துரை. நாரை எப்படியும் வயலுக்கு வரும்.

தண்ணீர் விஷயம்தான் இதில் கடினமானது. சரணாலயத்துக்குள் வரும் நீரைத் திருப்பவோ நிறுத்தவோ 29-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. அந்தப் பிரிவு 36ஏ-க்கோ 36சி-க்கோ நீட்டிக்கப்படவில்லை. 36ஏ பாதுகாப்பகத்துக்கு 36பி சொல்லும் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்-செயலராக வனத்துறை, ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒருவர், தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், வேளாண்மை, கால்நடைத் துறைகளிலிருந்து தலா ஒருவர் உண்டு. ஷட்டரைத் திறந்து மூடும் நீர்வளத் துறைக்கு இடமில்லை. உதவிப் பொறியாளரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டு, எந்த மதகில் எவ்வளவு காலம் நீர் விடுவது என்று நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதி வாங்காவிட்டால், பாதுகாப்பகம் பலகையோடு நின்றுவிடும். வழக்கமாக மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கும் மூடும் ஜனவரி 28-க்கும் இடையில்தான் இதற்கு வாய்ப்பு.

தூர்வாரும் பணியும் அதே பொறியாளர் கையில்தான் இருக்கிறது. இயந்திரம் ஒரே கோடையில் இரு கரையையும் வழித்தெடுத்தால் வளையும் புதரும் சேர்ந்தே போகும். இந்த ஆண்டு இடக்கரை, அடுத்த ஆண்டு வலக்கரை என்று மாற்றிச் செய்யக் கேளுங்கள். கரைக்குக் கான்கிரீட் தளம் போட்டே தீர வேண்டும் என்றால், நடுநடுவே மண்கரையை விட்டுப் போடச் சொல்லுங்கள். சாலைக்கு அடியில் புதுப் பாலம் வந்தால், நீர்மட்டத்துக்கு மேலே விலங்கு நடக்க ஓரத்தில் ஒரு திட்டு கட்டச் சொல்லுங்கள். வரைபட நிலையிலேயே கேட்டால்தான் இது நடக்கும்.

36ஏ கேட்கும் கலந்தாலோசனைக்கு வலுவான சான்று கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். எல்லையைச் சாலை, ஆறு என்று ஊரறிந்த அடையாளங்களால் குறிக்க அதே சட்டத்தின் 18(2) பிரிவு இடம் தருகிறது. ஆனாலும் ஆற்றோரம் மாறக்கூடியது என்பதால் சர்வே எண்ணையும் பரப்பையும் சேர்த்தே எழுதி, புல வரைபட நகலோடு மாவட்ட வன அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தடம் மூன்று ஊராட்சி வழியே போனால் மூன்று தீர்மானமும் வேண்டும். நடுவில் ஓர் ஊர் விட்டுப்போனால் தடம் அங்கேயே அறுந்துவிடும்.