நூறு கூழாங்கற்களும் ஒரு கேள்வியும்

வனவிலங்குப் பாதுகாப்பு வேலைக்கு வருபவர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கால்தடம் பார்ப்பது, கேமரா பொருத்துவது, ஜிபிஎஸ்ஸில் பதிவது எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடுகிறது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து கணக்குச் சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அதற்காக ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். தரையில் நூறு கூழாங்கற்கள். சுற்றுலாவில் வந்த ஒரு வருட வருமானம் அது. காவலர் சம்பளம், வண்டி, அலுவலகம், பயிர்ச்சேதம், வீடுகளுக்கான பங்கு என்று, எழுத்தறியாதவருக்கும் புரியும்படி பிரித்து வைக்க வேண்டும். ஒரு முறை ஓர் இளைஞர் பாதிக்கு மேல் அலுவலகத்துக்கே தள்ளினார். ஊர்க்காரராக உட்கார்ந்திருந்த சக மாணவி சேதக் குவியலைத் தொட்டுக் கேட்டார்: "யானை என் விளைச்சலையே மிதிச்சுட்டுப் போயிருக்கு. எனக்கு இந்த ரெண்டு கல்லுதானா?" அந்த இளைஞரின் கை கற்களின் மேலேயே நின்றுவிட்டது. உண்மையான ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், அடுத்த முறை வேட்டைக்காரனைப் பற்றித் தகவல் சொல்ல யார் வருவார்கள்?

நிஜத்திலும் இதே கதைதான். வனவிலங்கால் வரும் பலன் ஊராருக்கும் சேர வேண்டும் என்பதற்கான ஜிம்பாப்வேயின் கேம்ப்ஃபயர் திட்டத்தில் 1989 முதல் வனவிலங்கு வருமானத்தின் மீதான அதிகாரம் மாவட்ட மன்றங்களுக்குப் போனது. பல மன்றங்கள் ஊர்களுக்குச் சேர வேண்டியதில் பெரும்பங்கைத் தாங்களே வைத்துக்கொண்டன. நமீபியாவின் 1996 சட்டத் திருத்தம் இன்னும் ஒரு படி இறங்கி ஊர் வரைக்கும் போனது. எல்லை, உறுப்பினர் பட்டியல், அமைப்பு விதிகள், பலனைப் பங்கிடும் முறை ஆகியவற்றை வகுத்துக்கொண்ட ஊரார் 'கன்சர்வன்சி'யாக, அதாவது ஊராரே நடத்தும் வனவிலங்குக் காப்பு அமைப்பாகப் பதிவு செய்து, அந்த வருமானத்தின் மீதான உரிமையை நேரடியாகப் பெறலாம். அங்கேயும் சும்மா இருந்தால் பணம் செயற்குழுவோடு நின்றுவிடும். பொதுக்குழு கூடி, வரவு செலவை வரி வரியாகக் கேட்டால்தான் அது வீடு வரை வரும்.

நமீபியாவின் 'நிகழ்வு ஏடு' என்ற பதிவுப் புத்தகத்தையும் வகுப்பில் காட்டுவேன். விலங்கு தென்பட்டது, மாட்டைக் கொன்றது, வேட்டை நடந்தது எல்லாவற்றையும் ஊர்க்காவலர்களே குறிக்கிறார்கள். வருடக் கடைசியில் அந்த ஏடு ஊரிலேயே இருக்கும். தகவலைச் சேகரித்துத் தலைநகருக்கு அள்ளிக்கொண்டு போய்ப் பழகிய நமக்கு இது பெரிய பாடம்.

பயிற்சித் திட்டம் வகுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கூட்டம் நடத்துவதையும் கணக்குச் சொல்வதையும் கடைசி அரைநாளில் ஒதுக்காதீர்கள். முதல் வாரத்திலேயே வையுங்கள். தேர்வையும் ஊரார் முன்னால் நடத்துங்கள். மதிப்பெண்ணை அவர்களே போடட்டும்.