தமிழ் எந்த மொழியின் வட்டாரம்?

“இனி இந்தத் தேர்வை வட்டார மொழிகளிலும் எழுதலாம்” என்று செய்தி வாசிக்கிறார்கள். பணம் அனுப்பும் செயலியைத் திறந்தால் “உங்கள் வட்டார மொழியைத் தேர்ந்தெடுக்கவும்” என்கிறது. சினிமாப் பக்கத்தில் “வட்டார மொழிப் படங்கள் இந்திப் படங்களை முந்துகின்றன” என்று எழுதுகிறார்கள். மூன்று இடத்திலும் வட்டார மொழி எனப்படுவது தமிழ். அதைத் தமிழிலேயே எழுதி, தமிழருக்கே படிக்கக் கொடுக்கிறார்கள். எழுதியவருக்கும் உறுத்துவதில்லை, திருத்துபவருக்கும் உறுத்துவதில்லை என்பதுதான் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

வட்டாரம் நல்ல தமிழ்ச் சொல். வட்டம் என்பதை ஒட்டியது. சுற்றுப்புறம், ஓர் இடத்தைச் சூழ்ந்த பகுதி என்று பொருள். “இந்த வட்டாரத்திலேயே அவரைப் போல வைத்தியர் கிடையாது” என்றால் பத்து இருபது ஊர்களை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறோம். அரசு வழக்கிலும் அந்த அளவுதான். தமிழ்நாட்டின் 388 ஊராட்சி ஒன்றியங்களை நிர்வகிப்பவர்களுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் என்று பெயர். இலங்கையில் இன்னும் சிறியது: உள்ளூராட்சித் தேர்தலில் உறுப்பினர் ஒருவர் நிற்கும் தொகுதியே வட்டாரம். மாவட்டத்தைவிடச் சிறிய ஒரு பரப்புக்கான சொல்லைத் தூக்கி ஒரு முழு மொழியின் தலையில் வைத்தால் எப்படிப் பொருந்தும்?

ஆங்கிலத்தில் ‘ரீஜனல்’ என்று இருப்பதை வட்டாரம் என்று பெயர்த்ததில் வந்த வினை இது. வாகன உரிமம் எடுக்கும் அலுவலகத்துக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்று பெயர் வைத்தார்கள். அங்கே பொருந்தியது, ஏனென்றால் அந்த அலுவலகத்துக்கு உண்மையிலேயே ஒரு சிறு எல்லை உண்டு. பிறகு ‘ரீஜனல்’ வந்த இடத்தில் எல்லாம் வட்டாரத்தைப் போட்டார்கள்.

அளவு மட்டும்தான் சிக்கல் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மொழியைப் பற்றிப் பேசும்போது வட்டாரம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. ஒரே மொழி ஊருக்கு ஊர் வேறுபடுவதை வட்டார வழக்கு என்கிறோம். கொங்குப் பகுதியின் ‘ஏனுங்க’, நெல்லையின் ‘ஏல’, பேசுவதைக் கதைப்பது என்னும் யாழ்ப்பாணம், எல்லாம் தமிழின் வட்டார வழக்குகள். கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே கி. ராஜநாராயணன் தனி அகராதி தொகுத்தார். இந்த எண்ணமும் நமக்குப் புதியதன்று. “செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தம்குறிப் பினவே திசைச்சொல் கிளவி” என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. செந்தமிழைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களிலும் தத்தம் பொருளில் வழங்குபவை திசைச்சொற்கள் என்பது கருத்து. இன்று கேரளத்தில் இருக்கும் குட்டநாட்டைச் சேர்ந்தவர்கள் தாயைத் ‘தள்ளை’ என்பார்கள் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும் தந்தார்கள். மலையாளத்தில் அந்தச் சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதாவது மொழி என்பது முழுமை, திசை என்பதும் வட்டாரம் என்பதும் அதன் உள்பகுதிகள். இந்த வேறுபாட்டைத் தமிழ் மிகத் தெளிவாக வைத்திருக்கிறது.

அப்படியிருக்க, தமிழையே வட்டார மொழி என்றால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த மொழியின் வட்டாரம்? வட்டாரம் என்று சொன்னதுமே எங்கோ ஒரு நடு இருப்பதாக ஆகிவிடுகிறது. செய்திகளைக் கவனித்தால் அந்த நடு எது என்பது தெரியும். “இந்தி, ஆங்கிலம் மற்றும் வட்டார மொழிகள்” என்றுதான் வாக்கியம் வரும். இந்தியை வட்டார மொழி என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை. போஜ்புரியையும் அவதியையும் இந்தியின் வட்டார வழக்கு என்பார்கள், அதே மூச்சில் தமிழையும் தெலுங்கையும் வட்டார மொழி என்பார்கள். படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே வரிசையில் போய் உட்காரும்.

சட்டம் இப்படிச் சொல்கிறதா என்றால், முழுதாக இல்லை. அரசியலமைப்பின் பதினேழாம் பகுதியில் ‘ரீஜனல் லாங்குவேஜஸ்’ என்ற தலைப்பில் ஓர் அத்தியாயம் இருப்பது உண்மை. ஆனால் அது பேசுவது மாநிலங்கள் தம் அலுவலுக்கு எந்த மொழியை ஏற்கலாம் என்பதை. அதன் 345ஆவது பிரிவு, மாநிலத்தில் வழங்கும் மொழி ஒன்றையோ பலவற்றையோ இந்தியையோ ஏற்கலாம் என்கிறது. எட்டாவது அட்டவணைக்கு வந்தால் தலைப்பு ‘மொழிகள்’ என்பது மட்டுமே. 22 மொழிகளும் ஆங்கில அகரவரிசையில் நிற்கின்றன: இந்தி ஆறாவது, தமிழ் இருபதாவது. அங்கே நடுவும் இல்லை, விளிம்பும் இல்லை. அந்த அட்டவணையில் இல்லாத ஏற்றத்தாழ்வை நம் மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் கையால் எழுதித் தருகிறார்கள்.

இன்னொரு மூலம் ‘வெர்னாகுலர்’ என்ற ஆங்கிலச் சொல். அதையும் வட்டார மொழி என்றே பெயர்க்கிறார்கள். லத்தீனில் ‘வெர்னா’ என்றால் எசமானின் வீட்டிலேயே பிறந்த அடிமை. அதிலிருந்து வந்தது ‘வெர்னாகுலஸ்’. ஆகவே அது அடிமை மொழி என்று பொருள்படும் வசவு என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அந்த வாதம் எனக்கு உடன்பாடில்லை. ரோமர் காலத்திலேயே அச்சொல் ‘வீட்டில் பிறந்த, நம் மண்ணின்’ என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. வாரோ என்ற ரோமானிய அறிஞர் லத்தீனின் சொந்தச் சொற்களைக் குறிக்கவே அதைப் பயன்படுத்தினார். வேர் இழிவானது என்பதற்காக ஒரு சொல்லை விலக்கவேண்டியதில்லை.

இழிவு பின்னால் ஏறியது. மெக்காலே 1835இல் எழுதிய கல்விக் குறிப்பில் இந்நாட்டு மக்கள் பேசுபவற்றை ‘மொழி’ என்றுகூடச் சொல்லவில்லை, கிளைவழக்கைக் குறிக்கும் ‘டயலெக்ட்’ என்ற சொல்லைப் போட்டு, அவற்றில் இலக்கியமும் இல்லை அறிவியலும் இல்லை என்றார். 1878இல் வைசிராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த ‘வெர்னாகுலர்’ பத்திரிகைச் சட்டம் இந்திய மொழி இதழ்களுக்கு மட்டும் வாய்ப்பூட்டுப் போட்டது. ஆங்கில இதழ்களைத் தொடவில்லை. வங்காளத்தின் அமிர்த பஜார் பத்திரிகை அந்தப் பிடியிலிருந்து தப்ப ஆங்கில இதழாக மாறியது. இந்தச் சட்டத்தைப் போட்டித் தேர்வுக் கையேடுகளில் ‘வட்டார மொழிப் பத்திரிகைச் சட்டம்’ என்று பார்க்கிறேன். ஏதோ உள்ளூர்ச் செய்தித்தாள்களைப் பற்றிய சட்டம் என்றுதானே மாணவர் நினைப்பார்? நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் என்று எழுதுவோரும் உண்டு, அதுவே சரி. ஆள்பவரின் மொழி ஒரு பக்கம், நாட்டாரின் மொழி ஒரு பக்கம் என்பது அந்தப் பெயரிலேயே விளங்கிவிடுகிறது.

வட்டாரத்தை விட்டால் ‘பிராந்திய மொழி’ என்று ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். வடமொழியில் ‘பிராந்தம்’ என்பதன் முதற்பொருள் விளிம்பு, ஓரம். மாகாணம் என்ற பொருள் பிறகு வந்தது. வட்டாரம் தமிழை ஒரு பகுதியாக்கியது என்றால், பிராந்தியம் அதை ஓரத்துக்கே தள்ளுகிறது. தமிழ்ச் சொல்லும் இல்லை, தெளிவும் இல்லை.

‘மாநில மொழி’ என்பது இவற்றைவிட நாணயமான சொல். ஆனால் அதுவும் முழுதாக உதவாது. எட்டாவது அட்டவணையில் உள்ள சிந்திக்கு மாநிலம் எது? ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் என்று பரவியிருக்கும் சந்தாலியை எந்த மாநிலத்தோடு கட்டுவது? தமிழுக்கே கூட அது போதாது. தமிழ் சிங்கப்பூரின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளுள் ஒன்று. இலங்கையில் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது.

மொழியை ஒரு நிலப்பரப்போடு கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இலங்கையைத்தான் பார்க்கவேண்டும். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. பத்தாண்டு கழித்து, 1966இல் வந்த விதிகள் தமிழில் நிர்வாகம் நடத்த வழி விட்டன, ஆனால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் என்று எல்லை குறித்து. மலையகத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் பேசியதும் தமிழ்தான். அந்தக் கோட்டுக்குள் அவர்கள் இருக்கவில்லை. ஒரு மொழிக்கு இடப்பெயர் சூட்டுவது வெறும் சொல்லாட்சி விவகாரமாக நின்றுவிடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, எதைத்தான் எழுதுவது? இடம் பார்த்து எழுதவேண்டும். தேர்வு அறிவிப்பில் ‘இந்திய மொழிகள்’ போதும். இந்தியும் அதற்குள் அடங்கும், அடங்கட்டும். மூன்று நான்கு மொழிகள்தான் என்றால் பெயரைச் சொல்லிவிடலாம்: தமிழ், மலையாளம், மராத்தி. செயலியில் ‘உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்றால் ஒன்றும் குறைந்துவிடாது. கல்வியைப் பற்றிய பேச்சில் ‘வெர்னாகுலர் மீடியம்’ வந்தால் தாய்மொழிவழி, நம் ஊரில் தமிழ்வழி. காலனி ஆட்சிக் கால வரலாற்றில் நாட்டுமொழி. வட்டாரம் என்ற சொல்லை வட்டார வழக்குக்கே விட்டுவிடவேண்டும்.

செய்தி அறைகளில் நேரமில்லை என்று சொல்வார்கள். ‘வட்டார மொழிகள்’ என்று தட்டச்சு செய்யும் நேரத்துக்குள் ‘இந்திய மொழிகள்’ என்று தட்டிவிடலாம். அகராதியில் ‘ரீஜனல்’ என்பதற்கு எதிரே இருந்ததை எடுத்து ஒட்டுகிற பழக்கம்தான் குறுக்கே நிற்கிறது. அதே பழக்கம்தான் ‘தேசிய ஊடகங்கள்’, ‘வட்டார ஊடகங்கள்’ என்ற பிரிவையும் கொண்டுவந்திருக்கிறது. தில்லியிலிருந்து இந்தியில் ஒளிபரப்பானால் தேசியம், சென்னையிலிருந்து தமிழில் ஒளிபரப்பானால் வட்டாரமாம். அந்தச் சென்னை அலைவரிசையிலேயே தங்களை வட்டார ஊடகம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய செய்தி ஆசிரியர்கள் முதலில் அந்த ஒரு சொல்லை எடுத்துவிடட்டும்.