தடய நச்சியலா, நீதிசார் நஞ்சியலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒருவர் எதிர்பாராமல் இறந்து, காரணமும் தெளிவாக இல்லையென்றால் உடல் அரசுப் பிணவறைக்குப் போகிறது. உடற்கூறாய்வு முடிந்ததும் உடலைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் இறப்புச் சான்றில் காரணம் ‘விசாரணையில் உள்ளது’ என்றே இருக்கும். கேட்டால், ‘டாக்சிகாலஜி அறிக்கை இன்னும் வரவில்லை’ என்பார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஆண்டுத் திதியும் வந்துவிடும், அறிக்கை வராது. ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் இந்நாட்டில் உண்டு. அவ்வளவு காலம் ஒரு வீட்டை ஆட்டிப்படைக்கும் சொல்லுக்குத் தமிழில் தெளிவான பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

அதன் முழுப்பெயர் ‘ஃபாரென்சிக் டாக்சிகாலஜி’. உடலில் நஞ்சு இருந்ததா என்று விசாரணைக்காக ஆராயும் துறை. அதைத் தமிழில் ‘தடய நச்சியல்’ என்பதா, ‘நீதிசார் நஞ்சியல்’ என்பதா என்பதே என் கேள்வி. முதலில் பின்பாதியைப் பார்ப்போம். கிரேக்கத்தில் ‘டோக்சன்’ என்றால் வில். அம்பு நுனியில் பூசும் மருந்துக்கு ‘டோக்சிகோன் ஃபார்மகோன்’, அதாவது வில்லுக்குரிய மருந்து என்று பெயர். நாளடைவில் ‘மருந்து’ உதிர்ந்துபோய், ‘வில்லுக்குரியது’ என்ற பகுதியே நஞ்சைக் குறிக்கத் தொடங்கியது. லத்தீனில் அது ‘டாக்சிகம்’ ஆயிற்று. வில்லும் நஞ்சும் சேர்ந்த வரலாறு கிரேக்கத்துக்கு மட்டும் உரியதன்று. கலஹாரிப் பாலைவனத்தின் சான் மக்கள் ஒருவகை வண்டின் புழுவை நசுக்கி அம்பில் தடவி வேட்டையாடினார்கள். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடகோடியில், லெபோம்போ மலையிலுள்ள பார்டர் குகையில் கிடைத்த மெல்லிய குச்சி ஒன்று ஏறத்தாழ 24,000 ஆண்டுப் பழமையானது. அதில் ஒட்டியிருந்தது ஆமணக்கு விதையிலிருந்து எடுத்த நஞ்சாக இருக்கலாம் என்று 2012இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

முன்பாதியான ‘ஃபாரென்சிக்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘ஃபோரம்’ என்பது ரோமானியரின் பொதுமன்று. வழக்குகளைப் பேசித் தீர்த்த இடம். ஆக, இந்த அடைமொழியின் வேர்ப்பொருள் ‘மன்றத்துக்கு உரிய’ என்பதே.

தமிழில் நஞ்சுக்குப் பஞ்சமில்லை. விடம், ஆலம், கடு என்று பல சொற்கள் உண்டு. அவற்றில் ‘நஞ்சு’ இன்றும் பேச்சில் உயிரோடு இருக்கிறது. கள் குடிப்பவரை ‘நஞ்சுண்பார்’ என்றது குறள். இன்றைய ஆய்வகம் இரத்தத்தில் முதலில் தேடும் பொருள்களில் ஒன்றும் மதுதான். இரும்பு ‘இருப்புப்பாதை’யில் மாறுவதுபோல நஞ்சும் வேறொரு சொல்லோடு சேரும்போது ‘நச்சு’ ஆகிறது: நச்சுப்பாம்பு, நச்சுக்காற்று. அந்த வழியில் ‘நச்சியல்’ என்ற வடிவம் இலக்கணத்துக்குப் பொருந்தியதே. ஆனாலும் நான் ‘நஞ்சியல்’ என்றே எழுதுகிறேன். ‘நச்சு’ என்ற வினைக்கு ‘விரும்பு’ என்றும் பொருள் உண்டு. நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அதுதான். துக்க வீட்டில் படிக்கும் சொல்லில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

எனக்கு உண்மையான மனக்குறை ‘தடய’ என்ற அடைமொழியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘தடய அறிவியல் துறை’ என்பது அரசுப் பெயர். கைரேகை, காலடி, துப்பாக்கிக் குண்டு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். நஞ்சுக்கு வரும்போது அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. தடயம் கிடைத்துவிட்டால் இறப்பின் காரணம் கிடைத்துவிட்டது என்று படிப்பவரை எண்ண வைக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் பழைய வழக்கு ஒன்று இதற்குப் போதும். செவிலியர் பயிற்சி பெற்ற டெய்சி டி மெல்கர் மீது, இரண்டு கணவர்களையும் இருபது வயது மகனையும் நஞ்சிட்டுக் கொன்றதாக 1932இல் ஜொகன்னஸ்பர்க்கில் வழக்கு நடந்தது. கணவர்கள் 1923இலும் 1927இலும் இறந்தவர்கள். அவர்களின் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு அவற்றில் சுவடாகக் கிடைத்தது. மகனின் உடலில் ஆர்சனிக் இருந்தது, தலைமயிரிலும்கூட. அவனுடைய காப்பியில் கொஞ்சம் குடித்துப் பிழைத்த உடன் வேலைசெய்தவரின் மயிரிலும் நகத்திலும் ஆர்சனிக் இருந்தது. அந்த அம்மையார் ஆர்சனிக் வாங்கியதற்கு மருந்துக்கடைக்காரரும் சாட்சி சொன்னார். மகனின் கொலைக்கு மரண தண்டனை கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று அது நிறைவேற்றப்பட்டது. கணவர்கள் விஷயத்திலோ, அவர்கள் ஸ்ட்ரிக்னினால்தான் இறந்தார்கள் என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்று நீதிபதி கிரீன்பர்க் கூறிவிட்டார். தடயம் இருந்தும் காரணம் நிலைநாட்டப்படவில்லை.

2022 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரின் எனியோபெனி மதுவிடுதியில் 21 இளையோர் இறந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. எல்லா உடலிலும் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் இருப்பதாக அடுத்த மாதம் அறிவித்த அதிகாரிகள், அது உயிரைப் பறிக்கும் அளவா என்று இன்னும் ஆராய வேண்டும் என்றார்கள். 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலெடியில் ஆறு குழந்தைகள் இறந்ததில் விடை தெளிவாக வந்தது: டெர்புஃபோஸ் என்ற பயிர்ப் பூச்சிக்கொல்லி. அது நரம்புகளுக்குத் தேவையான ஒரு நொதியை முடக்கி மூச்சை நிறுத்தும்.

இப்படிச் சொல்ல எவ்வளவு கவனம் தேவை! இறந்தபின் சில மருந்துகள் ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் கசிந்து இதய இரத்தத்தில் சேர்ந்து, அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் தொடை நாளத்து இரத்தத்தை எடுக்கிறார்கள். நுண்ணுயிர்கள் உடலுக்குள்ளேயே மதுவை உண்டாக்கக்கூடும் என்பதால் கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்த நுண்ணுயிர்களைத் தடுக்க இரத்தக் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இடுகிறார்கள். ஈரல், இரைப்பையில் உள்ளவை, சிறுநீர், மயிர் ஒவ்வொன்றும் வேறு வேறு காலத்தைப் பற்றிப் பேசும். நம்மவர் பலர் டர்பனின் கிளேர் எஸ்டேட் மயானத்தில் தகனம் செய்கிறோம். டி மெல்கர் வழக்கில்போல் மறுபடி தோண்டிப் பார்க்க வழியில்லை. உடற்கூறாய்வு மேசையில் எடுத்த குப்பிகளே கடைசிச் சான்று.

ஆய்வகம் தருவது பொருளும் அளவும். அதை உடலின் நிலையோடும் சம்பவ இடத்துச் செய்திகளோடும் சேர்த்து இறப்பின் காரணத்தைச் சொல்பவர் உடற்கூறாய்வு மருத்துவர். அதில் எவருடைய குற்றமாவது இருக்கிறதா என்று முடிவு செய்வது, 1959ஆம் ஆண்டின் மரண விசாரணைச் சட்டப்படி அமரும் நீதித்துறை நடுவர். இந்தப் பாதை முழுவதும் மன்றத்தை நோக்கியே போவதால் ‘நீதிசார் நஞ்சியல்’ என்ற பெயரே பொருந்தும் என்கிறேன். குடும்பம் காத்திருக்கும் அந்தத் தாளை ‘நஞ்சாய்வு அறிக்கை’ என்று சொல்லலாம். அதில் ‘நஞ்சு இல்லை’ என்றிருந்தால், தேடிய நஞ்சுகளில் எதுவும் அகப்படவில்லை என்று படிக்க வேண்டும்.