விசித்திரமான மனநல சிகிச்சைகளை நம்பலாமா?

"முன்ஜென்மத்துக்கே கூட்டிப் போகிறார்களாம், போகலாமா?" "முகத்தில் விரலால் தட்டினால் பயம் போய்விடுமாமே?" சிகிச்சைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்த முறையையும் நான் ஒதுக்குவதில்லை.

கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி கொடுமையான நினைவை எதிர்கொள்ள வைக்கும் இ.எம்.டி.ஆர். முறையை அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷபிரோ 1980-களின் இறுதியில் உருவாக்கியபோது பல உளவியலாளர்கள் நம்பவில்லை. அப்புறம் ஆய்வுகள் வந்தன. 2013-ல் உலக சுகாதார நிறுவனமே பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்புக்கு இதைப் பரிந்துரைத்தது. பலன் தருவது கண்ணசைவா, நினைவை எதிர்கொள்வதா என்ற விவாதம் மட்டும் ஓயவில்லை. எதிர்கொள்வதுதான் என்பது என் கருத்து.

சரி, "செஷன் முடிந்ததும் மனசு லேசாச்சு" என்பது போதாதா? போதாது. 1784-ல் விஞ்ஞானிகள் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியேவும் இருந்த பிரெஞ்சு அரசின் குழு, மெஸ்மர் என்ற மருத்துவர் பரப்பிய 'காந்த சிகிச்சை'யைச் சோதித்தது. காந்த சக்தி பாய்வதாக நம்பியவர்களுக்கு, எதுவும் செய்யாமலேயே உடல் துடித்தது. அவர்கள் அறியாமல் செய்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நம்பிக்கையும், அக்கறையாகக் கேட்க ஒரு ஆளும், கடந்துபோகும் நாட்களுமே மனதை லேசாக்கும். அதனால்தான் வேறொரு சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று விடாமல் கேட்கிறோம்.

பலன் இல்லாததைவிட என்னைப் பயமுறுத்துவது பாதிப்புதான். 2000-ல் அமெரிக்காவின் கொலராடோவில் 'மறுபிறப்பு சிகிச்சை' என்ற பெயரில் 10 வயதுச் சிறுமியைத் துணியில் சுற்றி, பெரியவர்கள் மேலே அழுத்தினார்கள். மூச்சு முட்டுகிறது என்று அவள் கெஞ்சியதையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். அவள் இறந்துபோனாள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் இம்முறையைத் தடைசெய்தது.

ஹிப்னாசிஸ் (அறிதுயில்) போன்ற வழிகளில் பழைய நினைவுகளைத் 'தோண்டி எடுக்கும்' சிகிச்சைகளின் பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. சிறுவயதில் கடையில் தொலைந்துபோனதாக ஒரு பொய்க்கதையை, நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் குழுவினர் 24 பேரிடம் சொன்னார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் அது நடந்ததாகவே 'நினைவுகூர்ந்தார்கள்'. ஹிப்னாசிஸில் வரும் கண்ணீர் நிஜம்தான். ஆனால் அந்தச் சம்பவம் நிஜமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதை நம்பி அப்பாவையோ அண்ணனையோ குற்றவாளியாக்கிய குடும்பங்கள் உண்டு.

புதிய முறை எதற்காவது போவதாக இருந்தால், சிகிச்சையாளரின் படிப்பையும் பதிவையும் கேளுங்கள். எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் என்ன செய்வார் என்றும் கேளுங்கள். கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் தொடர வேண்டாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னால், உங்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைகூட விடாதீர்கள்.