மாத்திரையோடு சேர்ந்து வரும் அமிலம்: நீச்சல் குளத்தில் ஸ்டெபிலைசர் கணக்கு

தண்ணீர் லேசாகப் பச்சை தட்டத் தொடங்கிவிட்டது. சோதனைக் கிட்டில் பார்த்தால் குளோரின் 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) காட்டுகிறது. கிட் பழுதோ என்று புதிதாக ஒன்று வாங்கிப் பார்த்தாலும் அதே 2. வீட்டு நீச்சல் குளங்களில் அடிக்கடி வரும் இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம், குளோரினை வெயிலிலிருந்து காக்கச் சேர்க்கும் ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம், அளவு மீறிப் போயிருப்பதுதான். குளோரின் இருக்கிறது, வேலை செய்யத்தான் கை ஒழியவில்லை.

குளோரினைத் தண்ணீரில் சேர்த்ததும் அது ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைப்போகுளோரைட் அயனி என்று இரண்டு வடிவங்களில் நிற்கும். பிஎச் (நீரின் அமில-கார அளவு) 7.5-இல் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கிருமியையும் பாசியையும் கொல்வதில் முன்னதுதான் வல்லது. பின்னதற்கு வெயில் ஆகாது: 292 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதாக் கதிரை நன்றாக உறிஞ்சி உடைந்துவிடும். ஸ்டெபிலைசர் இல்லாத திறந்தவெளிக் குளத்தில் காலையில் போட்ட குளோரினில் பெரும்பகுதி உச்சி வெயிலின் இரண்டே மணி நேரத்தில் காணாமல் போவது இதனால்தான்.

சயனூரிக் அமிலத்தின் மூலக்கூறு ஒரு வளையம். கார்பன் மூன்றும் நைட்ரஜன் மூன்றும் மாறி மாறிக் கோத்தது. குளோரின் அந்த நைட்ரஜனில் தொற்றிக்கொள்ளும். அப்படித் தொற்றியிருக்கும்வரை வெயில் அதை எளிதில் உடைக்காது. தண்ணீரில் உள்ள குளோரின் செலவாகச் செலவாக, வளையம் தன்னிடம் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சிக்கலும் இங்கேதான். கிட்டில் உள்ள, குளோரினோடு சேர்ந்து நிறம் மாறும் டிபிடி மருந்து குளோரினைத் தின்னத் தின்ன, வளையமும் அதே வேகத்தில் விட்டுக்கொடுக்கிறது. கட்டுண்ட குளோரினும் ‘தனிக் குளோரின்’ (வேலைக்குத் தயாராக நிற்கும் குளோரின்) கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஸ்டெபிலைசர் 50 பிபிஎம், குளோரின் 2 பிபிஎம், பிஎச் 7.5 என்றால், அந்த 2-இல் அந்தக் கணம் ஹைப்போகுளோரஸ் அமிலமாக இருப்பது சுமார் நூறில் ஒரு பங்குதான்.

ஆகவே குளோரின் 1 முதல் 3 வரை இருந்தால் போதும் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டெபிலைசர் அளவில் குறைந்தது 7.5 விழுக்காடு தனிக் குளோரின் இருக்க வேண்டும் என்பது பராமரிப்பில் நன்றாகக் கைகொடுக்கும் கணக்கு. ஸ்டெபிலைசர் 30 என்றால் குளோரின் 2.25, 50 என்றால் 3.75, 100 என்றால் 7.5. வெயில் படும் குளத்துக்கு 30 முதல் 50 பிபிஎம் சரியான இடம். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் கருவி பூட்டிய குளங்களில் 60 முதல் 80 வரை வைப்பார்கள். கூரைக்குள் இருக்கும் குளத்துக்கு ஸ்டெபிலைசரே வேண்டியதில்லை. இந்த அமிலம் கிருமிநாசத்தை எவ்வளவு தாமதப்படுத்தும் என்பதற்கு அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி தரும் வழிமுறை நல்ல சான்று. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி கலந்த குளத்தில், ஸ்டெபிலைசர் இல்லையென்றால் 20 பிபிஎம் குளோரினை 12.75 மணி நேரம் வைத்திருக்கச் சொல்கிறது. ஸ்டெபிலைசர் 15 பிபிஎம் வரை இருந்தால் அதே 20 பிபிஎம்முக்கு 28 மணி நேரம். அதற்கும் மேலே என்றால் முதலில் தண்ணீரை மாற்றி 15-க்குக் கொண்டுவர வேண்டும்.

யாரும் கொட்டாமலே ஸ்டெபிலைசர் எப்படி ஏறுகிறது? கடையில் டிசிசிஏ 90 என்று கேட்டு வாங்கும் மாத்திரையே சயனூரிக் அமிலத்தில் குளோரினைக் கட்டிய பொருள்தான். அது 10 பிபிஎம் குளோரின் தரும்போது கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் விட்டுச் செல்கிறது. டைகுளோர் என்ற குளோரின் தூளில் இன்னும் மோசம், 10-க்கு 9. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம்: 48,000 லிட்டர். 200 கிராம் மாத்திரை ஒன்று அதில் 3.75 பிபிஎம் குளோரினையும் 2.3 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் சேர்க்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரை போட்டால் இரண்டு மாதத்தில் 69 பிபிஎம் ஏறியிருக்கும். குளோரின் செலவாகிவிடும், வளையம் செலவாகாது. தண்ணீர் ஆவியாகும்போதும் அது குளத்திலேயே தங்கிவிடும். பேக்வாஷிலும் (வடிகட்டியில் நீரைத் திருப்பி விட்டுக் கழுவுவது) தெறித்து வெளியேறும் தண்ணீரிலும் மட்டுமே போகும்.

அளப்பதற்கு நிறம் மாறும் பட்டைகளை நம்ப வேண்டாம். இந்த ஒரு அளவில் அவை அடிக்கடி ஏமாற்றும். கலங்கல் சோதனைதான் கைக்குத் தோதானது. குளத்து நீரும் மெலமின் கரைசலும் சம அளவு, உதாரணமாக 7 மில்லி, 7 மில்லி. மெலமினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பொடியாகித் தண்ணீர் பால் போலக் கலங்கும். (2007-இல் அமெரிக்காவில் கலப்படத் தீனி தின்ற நாய், பூனைகளின் சிறுநீரகத்தை அடைத்ததும் இதே படிகம்தான்.) 30 விநாடி மெதுவாகக் கலக்கி, அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் சிறிது சிறிதாக ஊற்றி, புள்ளி மறையும் உயரத்தில் அளவைப் படிக்க வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் வெளிச்சத்தில். வீட்டுக்குள் விளக்கடியில் செய்தால் அளவு தாறுமாறாக வரும். வெளியே, சூரியனுக்கு முதுகு காட்டி, குழாய் நம் நிழலுக்குள் இருக்கும்படி இடுப்பு உயரத்தில் பிடித்து மேலிருந்து பார்க்க வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே ஊற்றினால் கண் புள்ளியின் இடத்தைப் பழகிக்கொண்டு இல்லாததையும் காட்டும். கொஞ்சம் ஊற்றி, ஒரு பார்வை பார்த்து, கண்ணை எடுத்துவிட வேண்டும். அதே கரைசலைப் புட்டிக்குள் திருப்பி ஊற்றி மூன்று முறை படித்துச் சராசரி எடுத்தால் மருந்தும் மிச்சம். குழாயின் கோடுகளையும் கவனியுங்கள்: 30-க்கும் 40-க்கும் நடுவே தாராளமான இடைவெளி, 90-க்கும் 100-க்கும் நடுவே மயிரிழை. அதனால் அளவு உயர உயரப் பிழையும் பெருகும். 80-ஐத் தாண்டினால் ஒரு பங்கு குளத்து நீருக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்து சோதித்து, வந்ததை இரண்டால் பெருக்க வேண்டும். முழுக்க நிரப்பியும் புள்ளி தெரிந்தால் 30-க்கும் குறைவு என்று பொருள்.

குறைந்தால் சேர்ப்பது எளிது. 1,000 லிட்டருக்கு 1 கிராம் போட்டால் 1 பிபிஎம். மேலே சொன்ன குளத்துக்கு 30 பிபிஎம் ஏற்ற 1.44 கிலோ. தூளைக் குளத்தில் அப்படியே வீசினால் கரையாமல் தரையில் படியும். பழைய காலுறையில் கட்டி, சுத்திகரித்த தண்ணீர் திரும்பி வரும் துவாரத்தின் முன்னே தொங்கவிட்டு, அவ்வப்போது பிழிந்துவிட்டால் ஓரிரு நாளில் கரையும். ஸ்கிம்மர் (மேற்பரப்பு நீரை வடிகட்டிக்கு இழுக்கும் வாய்) வழியாக விட்டிருந்தால் ஒரு வாரத்துக்கு பேக்வாஷ் செய்யாதீர்கள், கரையாத தூள் அனைத்தும் வாய்க்காலுக்குப் போய்விடும். ஒரு வாரம் கழித்து அளந்துவிட்டு, போதாவிட்டால் மட்டுமே அடுத்த தவணை.

இறக்குவதுதான் செலவு. தண்ணீரை மாற்றுவதைத் தவிர வீட்டில் நம்பகமான வழி கிடையாது. 120-ஐ 40 ஆக்க மூன்றில் இரண்டு பங்கு, 32,000 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட மூன்று நடை. மூன்றில் ஒரு பங்காக இரண்டு முறை மாற்றினால் கணக்கு தீராது: 120 என்பது 80 ஆகும், பிறகு 53 ஆகும். ஆனால் ஒரே மூச்சில் வடிப்பதிலும் ஆபத்து உண்டு. நிலத்தடி நீர் மேலே இருக்கும் மழைக்காலத்தில் காலிக் குளத்தை அடியிலிருந்து தண்ணீர் தூக்கிவிடும். ஃபைபர் தொட்டி படகு போல மிதந்து எழும். சென்னைப் பக்கம் என்றால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நிலத்தடி நீர் இறங்கிய பிறகு வடிப்பது நல்லது. மழை வழிந்தோடி எல்லாவற்றையும் கழுவிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பம்ப் ஓடாத நேரத்தில் மேலே விழுந்த மழைநீர் பெரும்பாலும் மேலாகவே வழிந்துவிடும்.

50-ஐ எட்டியதும் மாத்திரையை நிறுத்தித் திரவக் குளோரினுக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு, மாறுவது இதைவிட மலிவு. 10 விழுக்காடு திரவம் ஒரு லிட்டர் ஊற்றினால் நம் குளத்தில் ஏறக்குறைய 2 பிபிஎம் குளோரின் ஏறும். வெயிலில் கேன் கிடந்தால் வீரியம் இறங்கும், மாதக் கணக்கில் வாங்கி அடுக்க வேண்டாம். கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஸ்டெபிலைசரை ஏற்றாது. ஆனால் கடினத்தன்மையை ஏற்றும், போர்த் தண்ணீர் குளத்துக்கு அது உவப்பில்லை. ஒன்று மட்டும் உறுதி: டிசிசிஏ கிடந்த டப்பாவிலோ மாத்திரை மிதவையிலோ இந்தக் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளைப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

மாதக் கணக்கில் குளோரின் இல்லாமல் கிடந்த குளத்தில் வேறொரு விசித்திரம் நடப்பதுண்டு. 60-இல் விட்டுச் சென்ற ஸ்டெபிலைசர், திரும்பி வந்து பார்த்தால் பூஜ்யம். சிலவகை பாக்டீரியாக்கள் அந்த வளையத்தை உடைத்து அம்மோனியாவாக்கியிருக்கும். எவ்வளவு குளோரின் ஊற்றினாலும் அம்மோனியா விழுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ஸ்டெபிலைசர் தூளை எடுக்காதீர்கள். ஊற்றிய திரவக் குளோரின் ஓர் இரவு முழுதும் குறையாமல் நின்ற பிறகுதான் 30-க்கான தூளைக் காலுறையில் கட்ட வேண்டும்.