கிழிந்த வலையை யாரிடம் கொடுப்பது? ராமநாதபுரம் கரைக்குப் பயன்படும் மறுசுழற்சித் திட்டங்கள்

கடலோரக் குப்பை குறித்து அரசு சொல்வதில் இரண்டு வகை உண்டு. மீறினால் அபராதம் என்பது ஒரு வகை. தானாக முன்வந்து செய்தால் பணமோ பரிசோ வசதியோ கிடைக்கும் என்பது இன்னொரு வகை. முதல் வகை அதிகாரி கடைக்கு வந்து பையைப் பறித்துப் போகும்போதே புரிந்துவிடும். இரண்டாவது வகை பெரும்பாலும் காகிதத்திலேயே தங்கிவிடுகிறது. தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை நீளும் நம் கரையில் அதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகக் குறைவு. இந்த விளக்கம் அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

முதலில் தடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கைப்பை எந்தத் தடிமனில் இருந்தாலும் இங்கே தடைதான். மத்திய அரசின் விதியோ 120 மைக்ரானுக்குக் குறைந்த பைகளை மட்டும் தடுக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்கள் பலர் "இது தடித்த பை, செல்லும்" என்று நினைப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடே. துணி போலத் தோன்றும் நெய்யாத பையும், உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தமிழ்நாட்டின் பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இரண்டில்தான்.

தடைக்குத் துணையாக 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அதோடு சேர்ந்த மஞ்சப்பை விருது பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. தங்கள் வளாகத்தில் ஒருமுறைப் பிளாஸ்டிக்கை ஒழித்துக் காட்டும் பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனம் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனியே முதல் பரிசு 10 லட்சம், இரண்டாம் பரிசு 5 லட்சம், மூன்றாம் பரிசு 3 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. விண்ணப்பப் படிவம் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலும் மாவட்ட இணையதளத்திலும் வெளியாகும். நிரப்பி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள ஒரு விடுதியோ உணவகமோ இதற்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

தனி நபருக்கும் குழுவுக்கும் உரியது 'பசுமை முதன்மையாளர்' விருது. சுற்றுச்சூழல் பணி செய்யும் 100 பேருக்கோ அமைப்புகளுக்கோ ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. மீனவப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சின்னப்பாலம் முதலிய ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவது, இரும்புக் கருவி இல்லாமல் கையால் மட்டுமே பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். அரசு சொல்லி அவர்கள் அதைச் செய்யவில்லை. இந்தக் கரையில் தானாக முன்வருவதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குறைவது பதிவுதான். எந்தத் தேதியில், எந்த இடத்தில், எத்தனை கிலோ அகற்றினோம் என்ற நோட்டுப் புத்தகமும் தேதியோடு எடுத்த படங்களும் இல்லாத விண்ணப்பம், செய்த வேலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நிற்காது. எடைபோட ஒரு தொங்கு தராசு போதும்.

இனி பாட்டில்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் எண்ணெய் கேனுக்கும் காயலான் கடையில் விலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விலைக்குப் பின்னால் இப்போது ஒரு சட்டமும் நிற்கிறது. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. 2022 பிப்ரவரியில் அவற்றில் சேர்க்கப்பட்ட வழிகாட்டுதலின்படி, பொருளை உறையிட்டு விற்கும் நிறுவனம் தான் சந்தைக்கு அனுப்பும் பிளாஸ்டிக்குக்குத் தானே பொறுப்பு. கெட்டியான பாட்டில், டப்பா வகையில் 2024-25-க்கு வைத்த இலக்கு பாதியளவு மறுசுழற்சி. 2027-28-இல் அது 80 விழுக்காடாக உயர வேண்டும். நிறுவனம் நேரில் வந்து பொறுக்காது. பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை அதைச் செய்து சான்றிதழ் எடுக்கும். நிறுவனம் அந்தச் சான்றிதழை விலைகொடுத்து வாங்கிக் கணக்குக் காட்டும். ஆகவே நம் கரையில் கிடக்கும் பாட்டில் வேறு யாரோ ஒருவருடைய கடமையின் ஒரு துண்டு. அதைச் சேர்த்துக் கொடுப்பவருக்குப் பேரம் பேசும் உரிமை இருக்கிறது.

பேரத்தைக் கெடுப்பது மணல். கடலில் மிதந்து கரை ஒதுங்கிய பாட்டிலுக்குள் மணலும் உப்பும் இருக்கும், வெளியே கொட்டலசு என்னும் ஓட்டுயிரி ஒட்டியிருக்கும். அதை அப்படியே மூட்டை கட்டினால் எடை ஏறும், விலை இறங்கும். மூடியைத் தனியே கழற்றி, ஒருமுறை அலசி, காயவைத்து நசுக்கிக் கொடுத்தால் ஆலைக்கு நேரடியாக அனுப்பும் சரக்காகிவிடும். பாசி வளர்ப்பில் கயிற்றுக்கு மிதவையாகக் கட்டும் பழைய பாட்டில்களும் இந்தக் கணக்கில் சேரும். வாடைக்காற்று காலத்துக்கு முன்பே அவற்றை அவிழ்த்துக் கரையேற்றிவிட்டால், பிறகு ஒவ்வொன்றாகத் தேடி அலைய வேண்டியதில்லை.

தின்பண்டப் பொட்டலம் வேறு கதை. பல அடுக்குப் பிளாஸ்டிக் என்பதால் சந்தையில் விலையே கிடையாது. சட்டத்தில் அதற்கும் இலக்கு உண்டு. ஆனால் கரையிலிருந்து ஆலைவரை அதைச் சுமந்துபோகக் கிலோவுக்குக் காசு தருபவர் இல்லாதவரை கருவேலமுள் வேலியில்தான் அது தொங்கும்.

எல்லாவற்றிலும் பெரியது வலை. மேலே சொன்ன பொறுப்பு விதி உறைகளுக்கு மட்டுமே பொருந்தும். வலையும் கயிறும் உறை அல்ல. வலை தயாரிக்கும் நிறுவனம் கிழிந்த வலையைத் திரும்ப எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதியில் இல்லை. மீனவக் கரையின் முதன்மையான கழிவே சட்டத்தின் வலைக்கு வெளியே நிற்கிறது என்றால், இந்த விதிகளை எழுதியபோது மீன்பிடிக் கரைகளை யாரும் போதிய அளவு நினைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

மோர்ப்பண்ணையிலோ தேவிபட்டினத்திலோ நண்டு வலை கழித்துக்கட்டும் இடத்தில் சற்று நின்று பார்த்தால் இது விளங்கும். முதலில் மேல்கயிற்றை அறுத்து உருவுவார்கள், அது அடுத்த வலைக்கு. மிதவைகளைக் கோத்து ஒரு பக்கம் வைப்பார்கள். ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டியில் போடுவார்கள், ஈயத்துக்கு நல்ல விலை. எஞ்சுவது நரம்புக் கண்ணி மட்டும். கையில் எடுத்தால் எடையே தெரியாது, தரையில் வைத்தால் ஆள் உயரக் குவியல். நண்டு ஓடும் பாசித் துணுக்கும் சிக்கிய அந்தக் குவியலுக்கு மட்டும் ஆள் இல்லை. கொளுத்திவிடுகிறார்கள். நைலான் எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு போன்ற நச்சு வாயுக்கள் உண்டு. அது குழந்தைகள் விளையாடும் இடத்தில்தான் எரிகிறது. கொளுத்தாவிட்டால் கடல் எடுத்துப் போகிறது. நைலான் நீரைவிடக் கனமானது. மிதவை கழன்ற கண்ணி அடியில் இறங்கிப் பவளப் பாறையைப் போர்த்திக்கொள்ளும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளுக்கு இதைவிடக் கெட்ட போர்வை வேண்டாம். யாரும் இழுக்காத அந்த வலையில் நண்டும் ஆமையும் மாட்டிக்கொண்டே இருக்கும்.

இதற்குத்தான் 'தமிழ்நாடு மீன்வலை முன்னெடுப்பு' வந்தது. சென்னை காசிமேட்டில் பழைய வலைகளை எடைக்கு வாங்கும் சேகரிப்பு மையம் தொடங்கப்பட்டது. வலை அங்கிருந்து மறுசுழற்சிக்குப் போகிறது. மற்றக் கடலோர மாவட்டங்களுக்கும் இதை விரிப்பதே அரசின் நோக்கம். உலக வங்கி உதவியோடு 14 கடலோர மாவட்டங்களுக்கும் வகுக்கப்பட்ட 1,675 கோடி ரூபாய் 'டிஎன்-ஷோர்' திட்டத்திலும் கடலோர மாசுக் குறைப்பு ஒரு பகுதியாக இருக்கிறது. ராமநாதபுரம் அந்த 14-இல் ஒன்று. பாம்பன், மண்டபம், மூக்கையூர், தொண்டி ஆகிய இடங்களில் ஒரு சேகரிப்பு மையம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது, அறிவித்த திட்டத்தை நம் கரைக்கு வரவழைப்பதுதான்.

அண்டை மாநிலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரைத் துறைமுகத்தில் 2017-இல் 'சுசித்வ சாகரம்' தொடங்கியது. படகுகளுக்குப் பை கொடுத்தார்கள். வலையின் மடியில் மீனோடு ஏறும் பிளாஸ்டிக்கைக் கடலில் திரும்பக் கொட்டாமல் பையில் போட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள் மீனவர்கள். துறைமுகத்திலேயே அதைக் கழுவித் துண்டாக்கிச் சாலை போட அனுப்பினார்கள். அபராதம் எதுவும் இல்லாமலே அது நடந்தது. இறக்கிவைக்க இடமும் எடுத்துக்கொள்ள ஆளும் இருந்ததே போதுமானதாக இருந்தது.

துண்டாக்கும் வசதி நமக்கும் கிடைக்கக்கூடியதே. தூய்மை இந்தியா ஊரகத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை அலகு அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கீடு வகுக்கப்பட்டது. அங்கே அரைபடும் பிளாஸ்டிக், சூடாக்கிய ஜல்லியின் மேல் பூசப்பட்டுத் தார்ச்சாலையில் சேர்கிறது. இந்த முறையை உருவாக்கியவர் பக்கத்து மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மெல்லிய பை, பொட்டலம் போன்ற விலையில்லாச் சரக்கைத்தான் இங்கே அனுப்ப வேண்டும். பாட்டிலையும் வலையையும் சாலைக்கு அனுப்புவது வீண், அவை மீண்டும் பொருளாக மாறக்கூடியவை.

உங்கள் ஒன்றியத்தில் அந்த அலகு எங்கே இருக்கிறது, இயங்குகிறதா என்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால் பதில் வரும். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். தீர்மானத்தில் இடத்தின் பெயர், வாரத்துக்குத் தோராயமாகச் சேரும் வலையின் எடை, வைக்கக் கூடிய நிழற்கொட்டகை ஆகிய மூன்றும் இருந்தால் அதிகாரி தட்டிக்கழிப்பது கடினம். நகலை மீன்வளத் துறையின் உதவி இயக்குநருக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபம், ராமேஸ்வரம் பகுதியினருக்கு மீன்வள அலுவலகம் உள்ளூரிலேயே இருக்கிறது.

கழிவு எண்ணெயை அபாயக் கழிவு விதிகள் 2016 தனியாகப் பார்க்கின்றன. எஞ்சினிலிருந்து இறக்கிய எண்ணெயைக் கரையில் ஊற்றுவதும் படகின் அடித்தண்ணீரோடு கடலில் விடுவதும் குற்றம். கேனில் சேர்த்துப் பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குத் தர வேண்டும், அவர்கள் அதை விலைக்கே எடுப்பார்கள். பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் தள்ளுபடி பெறலாம்.

மதுபாட்டில்களுக்கு நீலகிரியில் 2022-இல் ஒரு முறை வந்தது. விற்கும்போது பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடுவார்கள். பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் அது படிப்படியாக விரிந்தது. வெறுங்காலோடு கரைவலை இழுப்பவர்களின் பாதத்தைக் கிழிப்பது பெரும்பாலும் இந்தக் கண்ணாடிதான். குடித்தவர் வீசினாலும் பொறுக்கியவர் கொடுத்து அந்தப் பத்து ரூபாயைப் பெறலாம் என்பதால், கரையைச் சுத்தம் செய்யும் குழுக்களுக்கு இது கைமேல் வருமானம்.

காலத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் வலைக்கு ஏற்றது. விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், பழைய வலைகளைப் பிரித்துக் கழிப்பதும் அப்போதுதான். கண்ணியைக் கயிற்றிலிருந்து பிரித்து, நைலானையும் மிதக்கும் ரகக் கயிற்றையும் கலக்காமல் தனித்தனிச் சாக்கில் கட்டுங்கள். இரண்டும் வெவ்வேறு பிளாஸ்டிக், கலந்தால் ஆலை திருப்பி அனுப்பும். எந்த ரகம் என்று சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டுப் பாருங்கள்: நைலான் மூழ்கும், கயிறு மேலே வரும். மே 1 கிராம சபை தடைக்காலத்துக்குள்ளேயே வருகிறது. தீர்மானத்தை அதற்குள் எழுதி வைத்துக்கொண்டால், மூட்டைகளையே கூட்டத்தில் காட்டி எடைபோட்டுக் கணக்கில் ஏற்றலாம்.