கடினமாக இருந்தால் நிஜமாகிவிடுமா? வீட்டு விமான சிமுலேட்டரின் இயற்பியல்

வீட்டுக் கணினிக்கான விமான சிமுலேட்டர்களில் பெரும்பாலானவற்றின் அமைப்புகள் பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கும். அதன் ஒரு முனை எளிமை, மறுமுனை யதார்த்தம். மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பரப்பான சுக்கானைத் தானே கவனித்துக்கொள்ளும் உதவி, எரிபொருள் கலவையைத் தானே சரிசெய்யும் உதவி, தரையில் மோதினாலும் நொறுங்காத விமானம் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனால் நிஜ விமானத்தை நெருங்கிவிடலாம் என்று அந்தப் பக்கம் சொல்லாமல் சொல்கிறது. பழகிய பயனர்கள் சிலருக்கு இது கௌரவப் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது. ஆனால் எளிமையும் யதார்த்தமும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்ற கணக்கு பாதிதான் சரி. சில உதவிகள் உண்மையாகவே இயற்பியலை அழிக்கின்றன. வேறு சிலவோ கணினித் திரையால் தர இயலாத ஒன்றை ஈடுகட்டி, அனுபவத்தை நிஜத்துக்கு அருகில் கொண்டுவருகின்றன. எது எந்த வகை என்று பிரித்தறிய, மென்பொருளுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் விமானியின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மென்பொருளின் வேலை கொள்கையளவில் எளிமையானது. விமானத்தின் வேகம், அது காற்றைச் சந்திக்கும் கோணம் (தாக்குகோணம்), காற்றின் அடர்த்தி, கட்டுப்பாட்டுப் பரப்புகளின் நிலை ஆகியவற்றைக் கொண்டு அந்தக் கணத்தில் விமானத்தின்மேல் செயல்படும் விசைகளையும் திருப்புத்திறன்களையும் கணக்கிட வேண்டும். அவற்றிலிருந்து நியூட்டனின் விதிப்படி முடுக்கத்தையும், முடுக்கத்திலிருந்து புதிய வேகத்தையும் நிலையையும் பெற வேண்டும். உடனே மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டால், காட்சியை வரைவதையும் சேர்த்து ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 17 மில்லிநொடிதான்.

விசைகளைக் கண்டறியும் இடத்தில்தான் இரண்டு பள்ளிகள் பிரிகின்றன. முதல் பள்ளி அட்டவணைகளை நம்புகிறது. காற்றுச் சுரங்கத்திலோ சோதனைப் பறத்தலிலோ அளந்த குணகங்களைத் தாக்குகோணத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ப வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எடுத்துப் படிப்பது அதன் முறை. இரண்டாவது பள்ளி விமானத்தின் வடிவத்தையே நம்புகிறது. 1995 முதல் வெளிவரும் எக்ஸ்-பிளேன் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இறக்கைகளையும் வால் பரப்புகளையும் புரொப்பெல்லரையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின்மேலும் காற்று எந்த வேகத்தில், எந்தக் கோணத்தில் வந்து படுகிறது என்று தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுகிறது. திறமூல மென்பொருளான ஃபிளைட்கியரில் இரு முறைகளையுமே காணலாம்: ஜேஎஸ்பிசிம் என்ற கணக்கீட்டு நிரல் பெரும்பாலும் அட்டவணை வழியிலும், யாசிம் என்ற நிரல் வடிவவியல் வழியிலும் செல்கின்றன.

இவற்றில் எது அதிக யதார்த்தம் என்ற சண்டைக்கு முடிவே இல்லை, ஏனென்றால் விடை நாம் எங்கே பறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அளவீடுகள் உள்ள எல்லைக்குள், அதாவது சாதாரண ஏற்றம், கிடைப் பறத்தல், இறக்கம் ஆகியவற்றில், நல்ல அட்டவணையை மிஞ்சுவது கடினம். இறக்கையின் தாக்குகோணம் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும்போது காற்றோட்டம் மேற்பரப்பிலிருந்து பிரிந்து, தூக்குவிசை சரிகிறது, இதுவே ஸ்டால். ஓர் இறக்கை மற்றதைவிட ஆழமாக ஸ்டால் ஆகி, விமானம் சுழன்றுகொண்டே விழத் தொடங்கினால், அந்தப் பகுதிக்கு அளவீடுகளே அரிது, அட்டவணை ஊகமாகிவிடும். துண்டுமுறை அங்கே குறைந்தபட்சம் ஏற்கத்தக்க ஒரு விடையைத் தரும். ஆனால் துண்டுகள் ஒன்றையொன்று பாதிப்பதையும், உடற்பகுதியைச் சுற்றிக் காற்று வளைவதையும் தோராயமாகவே கையாள வேண்டியிருப்பதால், அமைதியான பறத்தலில் அது சற்றே பிசகலாம்.

புரூஸ் ஆர்ட்விக் 1975ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கணினிவழிப் பறத்தல் காட்சி பற்றி ஆய்வேடு எழுதிய காலத்திலும், பிறகு ஆப்பிள் 2 கணினிக்காகத் தம் முதல் சிமுலேட்டரை உருவாக்கியபோதும், அதன் வழித்தோன்றல் 1982இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் வெளிவந்தபோதும், கணினித் திறன்தான் பெரும் தடை. தரை என்பது சில கோடுகள் மட்டுமே. 2020இல் வெளியான பதிப்போ இரண்டு பெட்டாபைட்டுக்கும் மேற்பட்ட நிலப்படத் தரவை இணையவழி இறக்கிக் காட்டுகிறது. இன்று பற்றாக்குறை கணக்கில் இல்லை. கணக்கின் விடை விமானியின் கைக்கும் கண்ணுக்கும் காதுக்கும் போய்ச் சேரும் வழியில்தான் இருக்கிறது.

ட்ரிம் சக்கரத்தையே எடுத்துக்கொள்வோம். நிஜமான சிறு விமானத்தில், வேகத்தைக் குறைக்க விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறார். மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பான எலிவேட்டரின் மேல் மோதும் காற்று அதைத் திரும்பத் தள்ளுவதால் கையில் ஓர் அழுத்தம் தெரிகிறது. கையை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு மற்றொரு கையால் ட்ரிம் சக்கரத்தை மெல்லச் சுழற்றினால், அழுத்தம் படிப்படியாகக் குறைந்து ஒரு புள்ளியில் மறைந்துபோகும். தண்டை விட்டாலும் அது அங்கேயே நிற்கும். வீட்டிலுள்ள சாதாரண ஜாய்ஸ்டிக்கில் இருப்பதோ ஒரு சுருள்வில். விமானம் எந்த வேகத்தில் போனாலும் அது குச்சியை நடுவுக்கே இழுக்கும். எனவே ட்ரிம்மைக் கூட்டக் கூட்ட, அதே அளவுக்குக் குச்சியை நடுவை நோக்கித் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் மூக்கு மேலும் கீழும் ஆடத் தொடங்கும். நிஜத்தில் விரல்கள் தாமாகக் கற்றுக்கொள்ளும் ஒரு வேலை, வீட்டில் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டிய இருகை வித்தையாகிவிடுகிறது. இங்கே சிமுலேட்டர் நிஜத்தைவிடக் கடினம்; அந்தக் கடினத்தில் யதார்த்தம் ஏதும் இல்லை.

குச்சியின் நீளமும் இப்படித்தான் சிக்கலாகிறது. விமானத்தின் தண்டு நகரும் தொலைவோடு ஒப்பிட்டால் மேசை ஜாய்ஸ்டிக்கின் பிடி மிகச் சிறிய தொலைவே நகர்கிறது. எலிவேட்டரின் முழு வீச்சும் அந்தச் சிறிய தொலைவுக்குள் அடைபடும்போது, கையின் சிறு நடுக்கமும் பெரிய கட்டளையாகிறது. நடுப்பகுதியில் உணர்திறனைக் குறைக்கும் வளைவு ஒன்றை அமைப்புகளில் வைத்துக்கொள்வதைச் சிலர் ஏமாற்று வேலை என்கிறார்கள். என் பார்வையில் அது நேர்மையான திருத்தம், ஏனெனில் நிஜ விமானத்தில் காற்றழுத்தம் செய்யும் வேலையை அந்த வளைவு ஓரளவு செய்கிறது.

கண்ணின் கதைக்கு வடிவியலே போதும். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள திரையை 60 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால், அது கண்ணில் பிடிக்கும் கோணம் ஏறத்தாழ 53 பாகை. மனிதரின் கிடைமட்டப் பார்வைப் புலமோ சுமார் 200 பாகை. அந்தச் சிறு சாளரத்தில் 53 பாகை உலகை மட்டும் காட்டினால் தொலைவுகள் சரியாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது. 90 பாகையைச் சுருக்கித் திணித்தால் பக்கம் தெரியும், ஆனால் ஓடுபாதை சிறுத்து, தொலைவில் இருப்பதுபோல் தோன்றும். தரையைத் தொடும் முன் மூக்கை உயர்த்தும் தருணத்தை விமானி பெருமளவு ஓரப்பார்வையில் தரை எழும்பி வரும் விதத்தைக் கொண்டே கணிக்கிறார். அந்த ஓரம் இல்லாதபோது நல்ல விமானியும் வீட்டில் தடதடவென்று இறங்குவதில் வியப்பில்லை.

உடலின் சமநிலையை உணரும் உள்காதின் செய்திகள் இன்னும் பெரிய இழப்பு. செஸ்னா 172 போன்ற ஒற்றைப் புரொப்பெல்லர் விமானம் முழு விசையுடன் ஓடுபாதையில் விரையும்போது, எஞ்சினின் எதிர்முறுக்கமும் வாலில் சுழன்று மோதும் காற்றும் சேர்ந்து அதன் மூக்கை இடப்புறம் இழுக்கும். வலது கால் மிதியை அழுத்திச் சமன்செய்ய வேண்டும். நிஜத்தில் திருப்பம் தொடங்கிய கணமே உடல் அதை உணர்கிறது. திரையில் மூக்கு கண்ணுக்குத் தெரியும்படி விலகிய பிறகே செய்தி வருவதால் திருத்தம் தாமதமாகிறது. தாமதமான திருத்தம் மிகையாகி மறுபுறம் தள்ளுகிறது. விமான நிறுவனங்களின் முழுநிலைச் சிமுலேட்டர்கள் ஆறு கால்கள் கொண்ட நகரும் மேடையில் நிற்பதற்கு இதுவே காரணம். அந்த மேடை சிறிது முடுக்கிவிட்டு, உணராத அளவுக்கு மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்து, புவியீர்ப்பின் ஒரு பங்கையே தொடர்ந்த முடுக்கமாக நம்பவைக்கிறது.

இந்த இழப்புகளை ஈடுகட்டும் உதவிகளை வெட்கமின்றிப் பயன்படுத்தலாம். பொத்தான்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் அதன் பெயரைக் காட்டும் வசதியும் அந்த வகைதான். விமானங்கள் பலவற்றில் தரைச்சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவிலும், இறக்கை மடிப்புகளுக்கான நெம்புகோலின் முனை இறக்கை வடிவிலும் இருப்பது, பார்க்காமலேயே கை அடையாளம் காண்பதற்காக. சுட்டியால் தொடும்போது அந்த அறிவு முழுதும் போய்விடுகிறது. சுக்கான் உதவியோ வேறு வகை. விமானம் சாயும்போதே சுக்கானையும் தேவையான அளவு திருப்பிவிடும் அந்த உதவி, இரண்டு கட்டளைகளையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. பக்கக் காற்றில் இறங்கும்போது இறக்கையைக் காற்றின் பக்கம் தாழ்த்தி, சுக்கானை எதிர்ப்பக்கம் அழுத்த வேண்டும். கட்டப்பட்ட கட்டளைகளால் அதைச் செய்யவே முடியாது. கால்மிதி இல்லாதவர்களுக்கு இந்த உதவி தேவைதான், ஆனால் அதன் விலை ஒரு முழுத் திறன்.

உடலின் செய்திகள் இல்லாததே ஓரிடத்தில் குறையாக இல்லாமல் போகிறது. மேகத்துக்குள் போனால் உள்காது பொய் சொல்லும். மெதுவான நீண்ட திருப்பத்தில் இருக்கும்போது நேராகப் பறப்பதாகவே நம்பவைக்கும். அதனால் கருவிவழிப் பறத்தலில் உடலை நம்பாமல் முள்களை மட்டும் நம்பப் பயிற்றுவிக்கிறார்கள். எட்வின் லிங்க் தம் குடும்ப ஆர்கன் தொழிற்சாலையின் காற்றுத்துருத்திகளைக் கொண்டு 1929இல் வடிவமைத்த பயிற்சிப் பெட்டிக்கு அமெரிக்க இராணுவம் 1934இல் வாடிக்கையாளரானதும் இதற்காகத்தான்: அஞ்சல் சுமந்து மோசமான வானிலையில் பறந்த விமானிகள் அடுத்தடுத்து உயிரிழந்திருந்தார்கள். மூடிய பெட்டிக்குள் காட்சியே இல்லை, கருவிகள் மட்டுமே. சிறிய மேசைத் திரையிலும் அந்த முள்களை முழுமையாகக் காட்ட முடியும்.

அமெரிக்காவின் விதிகளில் இந்த வேறுபாடு எண்ணாகவே தெரிகிறது. தனியார் விமானி உரிமத்துக்குப் பொதுவாகக் குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் வேண்டும். அதில் மேசைமேல் வைக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் கருவியில் கழித்த நேரமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடியது இரண்டரை மணி. கருவிவழிப் பறத்தல் தகுதிக்கும் 40 மணி நேரக் கருவிப் பறத்தல் வேண்டும். அதில் அடிப்படைப் பயிற்சிக் கருவியில் 10 மணி வரையும், மேம்பட்ட பயிற்சிக் கருவியில் 20 மணி வரையும் ஏற்கிறார்கள். அந்தக் கருவிகள் சிலவற்றுக்குள் ஓடுவது வீட்டில் நாம் ஓட்டும் அதே எக்ஸ்-பிளேனின் தொழில்முறைப் பதிப்பு. கூடுதலாக வேண்டியவை சான்று பெற்ற கைப்பிடிகளும் சுக்கான் மிதிகளும், பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்திட ஒரு பயிற்றுநரும்.